அப்பாவின் காகிதத் தோட்டாக்கள் உனக்கு வராமல் போனது பற்றி

இதை நீ மெதுவாகத்தான் படிப்பாய். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், அலுவலக மின்னஞ்சலைப் போல முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்துவிட்டு மூடியிருப்பாய். தமிழில் எழுத்துக் கூட்ட வேண்டியிருப்பதால் நடுவில் இருப்பதும் உன் கண்ணில் படும். சனிக்கிழமை காலைகளில் உன்னைச் சமையலறை மேசையில் பிடித்து உட்கார வைத்துத் தமிழ் எழுதப் பழக்கியதற்கு இன்றுதான் ஒரு பயன் கிடைத்திருக்கிறது. அந்தப் பயனும் உனக்கு இனிமையானதாக இருக்கப் போவதில்லை.

வியாழக்கிழமை நீ பெர்த்துக்குப் போகிறாய். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் விடைபெற வந்தவன், பின்னறைக்குள் போய் உன் அப்பாவின் இழுப்பறைப் பெட்டியின் முன்னால் நின்றாய். மேல் இழுப்பறையைத் திறந்தாய். உள்ளே பச்சைத் துணி விரிப்பும், அதில் வரிசை வரிசையாகப் பள்ளங்களும் மட்டுமே இருந்தன. "எல்லாம் மாலினி செஞ்ச வேலைம்மா. அவ வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா இதெல்லாம் இன்னிக்கு என்கிட்ட இருந்திருக்கும்," என்றாய். நான், "தே ஆறிப்போவுது, வந்து குடி," என்றேன். இரண்டு ஆண்டுகளாக நீ இதைச் சொல்லும்போதெல்லாம் நான் தேநீரைப் பற்றியோ மழையைப் பற்றியோதான் பேசியிருக்கிறேன். உன்னோடு வாழ்ந்து பிரிந்த மாலினி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. உனக்குத் துப்பாக்கி உரிமம் மறுக்கப்பட்டது, அதை விசாரிக்க வந்த அதிகாரியிடம் நான் சொன்னவற்றால். உன் அப்பா உனக்கென்று எழுதிவைத்த தோட்டாக்கள் ஊர் ஊராகப் பிரிந்து போனதும் அதனால்தான்.

இங்கேயே நீ கடிதத்தைக் கீழே வைத்தாலும் குறை சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியது சொல்லியாயிற்று. ஆனால் நான் வேதியியல் படித்தவள், அதையே முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கற்பித்தவள். விளைவை எழுதிவிட்டு, வினை நடந்த விதத்தை எழுதாமல் விட்ட விடைத்தாளுக்கு நான் ஒருபோதும் பாதிக்கு மேல் மதிப்பெண் கொடுத்ததில்லை. ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்திருப்பது உன் அப்பா சொன்ன வடிவம். அவர் எதையும் கொஞ்சம் மெருகேற்றித்தான் சொல்வார்.

ஈப்போவில் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்த மனிதர், ஆக்லாந்துக்கு வந்தபின் விரி என்ற புறநகரில் ஒரு கிடங்கில் காலணிப் பெட்டிகளை ஸ்கேன் செய்துகொண்டிருந்தார். அதைப் பற்றி அவர் புலம்பியதே இல்லை. புலம்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒருநாள் உடன் வேலை செய்த ஒருவர், இறந்துபோன தம் மாமாவின் ஷெட்டைக் காலி செய்தபோது கிடைத்த பெட்டி ஒன்றைச் சாப்பாட்டு அறைக்குக் கொண்டுவந்து, யாருக்காவது வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். உன் அப்பா அதிலிருந்து ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார். கட்டைவிரல் பருமன். அடியில் பித்தளைக் குப்பி. அதற்கு மேல் காகிதத்தை இறுகச் சுற்றி மெழுகில் தோய்த்த குழாய், காய்ந்த செங்கல்லின் நிறம். வாயை ஒரு சிறிய அட்டை வில்லையால் மூடி, விளிம்பை உள்பக்கமாகச் சுருட்டியிருந்தார்கள். வில்லையின் மேல், உள்ளே இருக்கும் ஈயக் குண்டுகளின் அளவைக் காட்ட, 4 என்று ஒரே ஓர் எண்.

"என்னா இது, பட்டாசா?" என்றேன்.

"தோட்டாடி. பேப்பர் தோட்டா. இப்பல்லாம் இத எவனும் செய்யறதில்ல, எல்லாம் பிளாஸ்டிக்காயிருச்சு."

"வெடிக்குமா?"

"சுட்டா வெடிக்கும்."

"நம்ம வீட்டுல யாரு சுடப்போறா?"

"அதத்தான் நானும் சொல்றேன். பயப்படாத."

அதைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்குக் கீழே இருந்த இழுப்பறையில், கற்பூர டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். கற்பூரத்தையும் வெடிமருந்தையும் தோளோடு தோள் நிறுத்திய மனிதரை அன்றுதான் பார்த்தேன். மறுநாள் அவர் வேலைக்குப் போனபின் கற்பூரத்தை வேறிடத்துக்கு மாற்றினேன். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இந்த வீட்டில் காரியங்கள் எப்படி நடந்தன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை. ஒருவர் வைப்பார், இன்னொருவர் அவர் இல்லாத நேரத்தில் நகர்த்துவார்.

ஏன் தோட்டா என்று நீ கேட்டபோது, பேராக்கில் தாம் வளர்ந்த ரப்பர் தோட்டத்தின் கதையை அவர் சொல்லியிருப்பார். மேனேஜர் காட்டுப்பன்றி சுட்டுவிட்டுப் போனபின் பிள்ளைகள் ஓடிப்போய்ப் புல்லில் தேடி எடுத்த வெற்றுக் கூடுகள், மூக்கில் வைத்தால் வந்த கருகிய காகித வாசனை, பெரிய கூட்டுக்குள் சிறிய கூட்டைத் தலைகீழாகச் செருகினால் தீக்குச்சி நனையாத டப்பா கிடைக்கும் என்பது. எல்லாம் உண்மைதான். அந்த மேனேஜரின் லாரியை ஓட்டிய தம் அப்பா, ஒரு டயர் வெடித்ததற்காக எல்லார் முன்னிலையிலும் அறை வாங்கியதையும் அவர் பார்த்திருக்கிறார். அதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். என்னிடம் ஒரே ஒருமுறை, பல் வலியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். அந்த இடத்திலிருந்து அவர் கொண்டுவரத் தேர்ந்தெடுத்தது வாசனையை மட்டும். உனக்கு முதல் பல் விழுந்தபோது, அப்படி ஒரு டப்பா செய்து அதில் போட்டுக் கொடுத்தார். நீ அதை ஆட்டி ஆட்டி இரண்டு நாள் என் காதைத் துளைத்தாய்.

பிறகு அது பெருகியது. பெருகும் என்று எனக்குத் தெரியும். வாழ்க்கையில் ஒன்றில் தோற்றவர்கள் இன்னொன்றில் நிபுணர்களாவார்கள். பித்தளை அடியில் பொறித்திருக்கும் எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, எந்த நாட்டுத் தயாரிப்பு, எந்தக் காலத்தை ஒட்டியது என்று சொல்லப் பழகினார். மவுண்ட் ஈடன் அடிவாரத்தில் முன்பு இருந்த ஆலையில் செய்த தோட்டாக்கள்மீது அவருக்குத் தனி மோகம். "நம்ம பஸ் போற வழியில செஞ்சதுடா இது," என்று உன்னிடம் பெருமையடித்துக்கொள்வார், ஏதோ அதில் தமக்கும் பங்கு இருந்தது போல. சுட்டு முடித்த வெற்றுக் கூடுகள் அவருக்கு இரண்டாம் தரம்; வாய் பிசிறுவிட்டிருக்கும், வில்லை போயிருக்கும். முழுமையாக, சுடப்படாமல் இருக்க வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒனேஹங்கா பக்கத்தில் ஒரு கூடத்தில் சேகரிப்பாளர்கள் கூடுவார்கள். வாத்து வேட்டைக்குப் போய் முட்டி தேய்ந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் நடுவில், வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாத உன் அப்பா, ஒரு டப்பா வடையோடு போய் உட்காருவார். அவர்கள் ஒரு தோட்டாவை நீட்டுவார்கள், அவர் அடியைப் பார்த்துச் சொல்வார், அவர்கள் தலையாட்டுவார்கள். இந்த நாட்டில் அவர் சொன்னதைக் கேட்டு யாராவது தலையாட்டியது அங்கே மட்டும்தான். நீ ஓரிரு முறை போனாய், பிறகு விடாமல் போனாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. என்னோடு உட்கார்ந்து ஒரு பாடத்தைப் படிக்க நீ அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

காகிதத்துக்கு ஈரம் ஆகாது. ஆக்லாந்துக்கு ஈரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஈரம் ஏறினால் குழாய் உப்பும், மெழுகு வெளுக்கும், சுற்று பிரியும். கிடங்கில் காலணிப் பெட்டிகளோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களை, மற்றவர்கள் குப்பையில் எறிவதை, உன் அப்பா பை பையாகக் கொண்டுவந்து இழுப்பறைகளில் அடுக்கினார். போதாதென்று, ஈரம் வாங்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிப் பின்னறையில் இரவும் பகலும் ஓடவிட்டார். அதே குளிர்காலத்தில் உன் அறையின் தெற்குச் சுவரில் பூஞ்சை கறுப்பாகப் படர்ந்தது. நான் வாரம் ஒருமுறை பிளீச் போட்டுத் தேய்த்தேன், நீ இருமினாய். அந்த இயந்திரத்தைத் தூக்கி உன் அறையில் வைக்க ஒரு நிமிடம் போதும். நான் வைக்கவில்லை. அவராக ஒருநாள் உணர்ந்து தூக்கி வைப்பார் என்று காத்திருந்தேன். என் நியாயத்தை நிரூபிக்க உன் நுரையீரலைச் சாட்சியாக வைத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. பெர்த் வறண்ட ஊர் என்கிறார்கள். நல்லது.

சுடாத தோட்டாவை வைத்திருக்க உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பவருக்கும் அதே உரிமம்தான். தோட்டாவுக்கு மட்டும் என்று தனியாகக் கிடையாது. துப்பாக்கியே இல்லாத உன் அப்பா அதற்காக வகுப்புக்குப் போனார், தேர்வு எழுதினார். பிறகு ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து, அவரை வெளியே அனுப்பிவிட்டு என்னைத் தனியாக விசாரித்தார். அதுதான் இங்கே வழக்கம். வீட்டிலிருப்பவர் என்ன நினைக்கிறார் என்று கேட்காமல் கொடுக்க மாட்டார்கள். உங்கள் கணவரிடம் இது இருப்பதில் உங்களுக்கு ஏதாவது பயம் உண்டா என்று கேட்டார். "கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவர். எனக்குப் பயமில்லை, அவருக்குத்தான்," என்றேன். அதிகாரி சிரித்து எழுதிக்கொண்டார். உரிமம் வந்தது. கரப்பான் கதை எப்படியோ அவர் காதுக்கும் வந்தது. "ஏன்டி, நாட்டு சர்க்கார்கிட்டயா என் மானத்த வாங்குவ?" என்று ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார்.

அதிகாரிகளிடம் எதையும் மறைக்கக்கூடாது என்பது நாங்கள் கற்றுக்கொண்ட பாடம். இந்த நாட்டுக்கு வர எத்தனை படிவங்கள், எத்தனை நேர்காணல்கள். கேட்டதற்கு மேலும் நாங்களாகவே சொன்னோம். என் அண்ணன் திவாலானதைச் சொன்னேன், எனக்குக் கலைந்த கருவைச் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த முன்பின் தெரியாதவரிடம் ஒளிவுமறைவின்றிப் பேசினோம். வீட்டுக்கு வந்து ஒருவரோடொருவர், மீன் வாங்குவதா கோழி வாங்குவதா என்பதைத் தாண்டிப் பேசவில்லை. விசா கிடைத்தது. அந்தப் பழக்கமும் கூடவே குடியேறிவிட்டது. நான் உனக்குச் செய்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை, இடத்தைக் காட்டுகிறேன்.

உன் அப்பா போனபோது, தோட்டாக்கள் உனக்கு என்று உயிலில் எழுதியிருந்தார். எனக்கு வீடு, உனக்குத் தோட்டா. உன்னிடமும் உரிமம் இல்லை, என்னிடமும் இல்லை. ஆகவே உரிமம் வைத்திருந்த அவருடைய சேகரிப்பு நண்பர் கென் வந்து, சுடாதவற்றையெல்லாம் தட்டுத் தட்டாக எடுத்துப்போய்த் தம் வீட்டில் பூட்டி வைத்தார். உனக்கு உரிமம் வரும்வரை ஓராண்டு வைத்திருக்கிறேன், அதற்கு மேல் என் உடம்பு தாங்காது என்று சொன்னார். அந்த ஓராண்டில்தான் நீயும் மாலினியும் பிரிந்தீர்கள். நீ ஹில்ஸ்பரோவில் நம் வீட்டுக்கு, உன் பழைய அறைக்கே, இரண்டு சூட்கேஸோடு திரும்பி வந்தாய்.

அந்த மாதங்களைப் பற்றி நாம் பேசியதில்லை. நான் பார்த்ததை எழுதுகிறேன். நீ திரைச்சீலையைத் திறக்கவில்லை. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, எனக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லி, காரில் ஏறித் தெருமுனையில் நிறுத்தி மாலைவரை உட்கார்ந்திருந்தாய்; டெய்ரிக்குப் பால் வாங்கப் போனபோது இரண்டுமுறை பார்த்தேன். பார்த்ததை உன்னிடம் சொல்லவில்லை. "பசியாறிட்டியா?" என்று கேட்டேன். "ம்," என்றாய். இதற்கு நடுவில் உரிமத்துக்கு விண்ணப்பித்தாய். அந்த ஒன்றில் மட்டும் உனக்கு உயிர் இருந்தது. புத்தகத்தை வைத்துப் படித்தாய், தேர்வில் தேறினாய், கென்னோடு தொலைபேசியில் சிரித்துப் பேசினாய். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலினி சாப்பாடு கொண்டுவரத் தொடங்கியிருந்தாள். நீங்கள் இருவரும் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவீர்கள். மீண்டும் ஒன்றாகிவிடுவீர்கள் என்று நான் நினைத்தேன். நீயும் நினைத்திருப்பாய்.

அதிகாரி ஒரு புதன்கிழமை காலை வந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நீ வெளியே போயிருந்தாய். உங்கள் மகனிடம் சமீபத்தில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று கேட்டாள். அவள் கேட்டதும் ஆங்கிலத்தில், நான் சொன்னதும் ஆங்கிலத்தில். தமிழில் எழுதும்போதுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்கே தெரிகிறது. "அவன் சரியாகத் தூங்குவதில்லை. வேலைக்குப் போவதாகப் பொய் சொல்கிறான். என் வீட்டில் உயிரோடு நடமாடுகிறான், அவ்வளவுதான். தோட்டாக்களை அவன் நேசிக்கிறான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த உரிமம் கையில் இருந்தால் நாளைக்கு ஒரு துப்பாக்கியும் வாங்கலாம் அல்லவா? எனக்குப் பயமாக இருக்கிறது." அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதை அவரிடம் பேசினீர்களா?" என்று கேட்டாள். "இல்லை," என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. என் பேத்தி வயதுப் பெண் ஒருத்தி என்னை அப்படிப் பார்க்க நான் இடம் கொடுத்திருக்கக்கூடாது. நீங்கள் சொன்னது வெளியே போகாது, ஆனால் அவரிடம் பேசுங்கள், ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள் என்று இரண்டு தொலைபேசி எண்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தத் தாளை நான் சமையல் புத்தகத்துக்குள் வைத்தேன். உன்னிடம் கொடுக்கவில்லை.

பயந்தது உண்மையா என்று நீ கேட்பாய். உண்மை. அந்தப் பயத்துக்காக நான் வருந்தவில்லை. இன்று கேட்டாலும் அந்த உரிமத்தை உனக்குத் தரவேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அதில் பயம் மட்டும்தான் இருந்ததா என்று பல இரவுகள் யோசித்துவிட்டேன். அவருடைய பின்னறை இந்த வீட்டை இன்னொரு முப்பது ஆண்டு ஆளப்போகிறது என்ற எரிச்சலும் அதில் இருந்தது. நான் கற்பித்த எதையும் நீ எடுத்துக்கொள்ளாமல், அவர் விட்டுப்போன மெழுகுக் காகிதத்துக்காகத் தேர்வு எழுதிய வயிற்றெரிச்சலும் இருந்தது. எது எவ்வளவு என்று என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை. எந்தக் கலவையையும் பிரித்துவிடலாம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான்.

மறுப்புக் கடிதம் வந்தது. இப்போதைக்கு உனக்கு உரிமம் வழங்க இயலாது என்று மட்டும் இருந்தது. காரணம் கேட்டு எழுதலாம் என்றும் இருந்தது. நீ கேட்கவில்லை, உன் அப்பாவின் மகன். "மாலினிதான். வேற யாரு? அவகிட்ட போய் கேட்டிருப்பாங்க, அவ போட்டுக் குடுத்துட்டா," என்றாய். அப்போது நான் வாயைத் திறந்திருக்க ஒரு மூச்சு நேரம் இருந்தது. நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன், தொடர்ந்து துடைத்தேன். நீ காரை எடுத்துக்கொண்டு, மாலினி குடியிருந்த பிளாக்ஹவுஸ் பே பகுதிக்குப் போனாய். அவள் வாசலில் நின்று நீ கத்தியது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நீயே வந்து சொன்னாய். எதிர் வீட்டுக்காரர் வெளியே வந்து பார்க்கும்வரை கத்தினேன், அவள் கதவுச் சங்கிலியைக்கூடக் கழற்றவில்லை, ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை என்றாய். "தப்பு செஞ்சவதானம்மா வாயத் தொறக்க மாட்டா?" என்றாய். அடுத்த ஞாயிறு சாப்பாடு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

கென் சொன்னபடி ஓராண்டு முடிந்ததும் தோட்டாக்களைச் சேகரிப்பாளர் சங்கத்துக்குக் கொண்டுபோனார். நீ வரமாட்டேன் என்றாய், நான் போனேன். அந்தக் கூடத்துக்குள் நான் போனது அதுவே முதல்முறை. நீண்ட மேசையில் தட்டுகளைப் பரப்பியிருந்தார்கள். சிவப்பு, பாசிப்பச்சை, நாவல்பழ நிறம், வெயிலில் வெளுத்த மஞ்சள். பூசணிக் கீற்று நிறத்தில் ஒன்று இருந்தது, மவுண்ட் ஈடன் ஆலையில் செய்தது. அதன் வில்லையில் எண்ணே அச்சடிக்காமல் விட்டிருந்தார்கள். ஏன் என்று உன் அப்பா பதினைந்து ஆண்டுகள் தேடினார், கண்டுபிடிக்கவில்லை. அதைக் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்த ஒருவர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவரும் எடுத்ததை என்னிடம் காட்டி நன்றி சொன்னார்கள், ஏதோ நான் மனமுவந்து கொடுத்தது போல. ஒன்றுகூட உப்பவில்லை, ஒன்றின் சுற்றுகூடப் பிரியவில்லை. இந்த ஈர ஊரில் முப்பது ஆண்டுகள் ஒரு மனிதர் காகிதத்தை உலர்ந்தபடியே காப்பாற்றியிருக்கிறார். அதை ஒரு சாதனை என்று அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. கென் என் பக்கத்தில் வந்து நின்று, உங்கள் மகன் இவற்றை நன்றாக வைத்திருந்திருப்பான் என்றார். ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தையில் பொய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ மாலினி பெயரைச் சொல்லிவிட்டுப் போனபின், அந்தப் பெயரை நீ அப்படியே பெர்த்துக்கும் எடுத்துப்போவாய் என்பது எனக்கு உறைத்தது. திங்கட்கிழமை பேருந்து ஏறிப் பிளாக்ஹவுஸ் பே பகுதிக்கு, அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள், "வாங்க அத்தை. பஸ்லயா வந்தீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்து கூட்டிட்டு வந்திருப்பேனே," என்றாள். மதுரைக்காரி, உபசாரத்தில் குறை வைக்கமாட்டாள்.

"கூட்டிட்டு வந்திருந்தா சொல்ல வந்தத சொல்லியிருக்க மாட்டேன். ஒக்காரு," என்றேன்.

சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள், நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தெரியும் அத்தை."

"என்னா தெரியும்?"

"நீங்கதான்னு. என்கிட்ட யாருமே வந்து கேக்கல, ஒரு போன்கூட வரல. வேற யாரு மிச்சம்? அந்த கென்னா சொல்லியிருக்கப் போறாரு?"

"தெரிஞ்சும் ஏன் வாயத் தொறக்கல?"

"அன்னைக்கு வாசல்ல நின்னு கத்தினாரே, அப்ப வாய் வரைக்கும் வந்துருச்சு. ஆனா சொன்னா எங்க போவாரு? திரும்பி உங்க வீட்டுக்குத்தான போகணும். அவர் அப்ப இருந்த நெலமைல... நான் எப்படியும் வேண்டாதவளாயிட்டேன். நீங்களும் இல்லைன்னா அவருக்கு யாரு இருக்கா?"

எனக்கு யாராவது நல்லது செய்தால் பொறுக்காது, உனக்குத் தெரியும். "பெரிய தியாகின்னு நெனப்போ?" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "தியாகமெல்லாம் இல்ல. கோவம். அவர் மேல இல்ல, உங்க மேல. நீங்களே சொல்லிருவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். ஒரு வாரத்துல சொல்லுவீங்க, ஒரு மாசத்துல சொல்லுவீங்கன்னு. அப்புறம் பாக்கறத விட்டுட்டேன்."

 கிளம்பும்போது அவள் சொன்னாள்: "இப்ப போய் அவர்கிட்ட சொல்லாதீங்க அத்தை. போறவரு போகட்டும். சொன்னீங்கன்னா, மன்னிப்புக் கேக்கன்னு இங்க அனுப்பிராதீங்க. எனக்கு இப்ப அது வேணாம். நான் அதத் தாண்டி வந்துட்டேன்." பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தாள்.

அவள் கேட்டுக்கொண்டதை மீறித்தான் இதை எழுதுகிறேன். இதனால் எதுவும் சரியாகாது. அதில் எனக்கு மயக்கமில்லை. தோட்டாக்கள் திரும்பி வரப்போவதில்லை. மாலினி திரும்பி வரப்போவதில்லை, அதை அவளே சொல்லிவிட்டாள். நீ இரண்டு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்த கோபத்தின் முகவரி தவறு என்று மட்டும்தான் உனக்குத் தெரியவரும். உன் நிம்மதியைவிட என் மனப்பாரம்தான் எனக்குப் பெரிதா என்று நீ கேட்கலாம். அன்று நான் சரியானதைத் தவறான ஆளிடம் சொன்னேன். இன்று சரியான ஆளிடம், காலம் கடந்தபின் சொல்கிறேன். என்னால் முடிந்த முன்னேற்றம் இவ்வளவுதான். புத்திமதி வேண்டுமென்றால் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் நான் கடைப்பிடித்ததில்லை: உன்னோடு ஒரே வீட்டில் இருப்பவர் காரில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், போய்க் கண்ணாடியைத் தட்டு. அவர் திட்டினாலும் தட்டு.

மாலினி மீது உனக்கு இருந்த வெறுப்பு நியாயமற்றது என்று அறிந்த ஒருத்தி உயிரோடு இருக்கும்போதே, நீ அதை இன்னொரு நாட்டுக்குச் சுமந்து போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என்னோடு முடிந்துபோயிற்று என்று நீ முடிவு செய்தால், அது நியாயமாகவே இருக்கும். எனக்கு எழுபத்தெட்டு வயது. இன்னும் எத்தனை ஆண்டு உன் தொலைபேசிக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று தெரியாது, நிறைய இருக்காது. அவளிடம் போகாதே, அவள் வாசலை விட்டுவிடு.

இதை, பிறகு நீ தனியாக எடுத்துக்கொண்ட ஃபிளாட்டின் தபால்பெட்டியில் செவ்வாய்க்கிழமை காலை நானே வந்து போட்டுவிடுவேன். நீ கிளம்ப இரண்டு நாள் இருக்கும். நான் எங்கும் போகமாட்டேன். கதவில் சங்கிலியும் போட மாட்டேன். வந்து கத்து. எதிர் வீட்டுக்காரர்கள் வெளியே வரட்டும். நான் வயதானவள் என்று பார்த்து, மாலினி வாசலில் கத்தியதைவிடக் குரலைத் தாழ்த்திக் கத்தினாய் என்றால், அது அவளுக்கு நீ செய்யும் இரண்டாவது அநியாயம்.

அம்மா